வியாழக்கிழமைக் காவல்

மஹ்பூபி: கத்தாதே டீச்சர்... யாராச்சும் ஓடி வந்துடப் போறாங்க.

டோரதி: நான் எங்க கத்தினேன்? என் வீட்டுக்காரரு எங்கன்னுதானே கேட்டேன்.

மஹ்பூபி: அதான் சொன்னேனே... இங்கதான் இருந்தாரு.

டோரதி: இங்கன்னா?

மஹ்பூபி: வராண்டாவுல. இந்த பெஞ்சு மேல. ஆபிதுக்குப் பக்கத்துல குந்திகினு இருந்தாரு.

டோரதி: இப்ப ஆபித் மட்டும்தானே இருக்கான்.

மஹ்பூபி: எனக்கும் கண்ணு தெரியுது.

டோரதி: நீங்க எங்க போனீங்க?

மஹ்பூபி: எங்கயும் போகல... ரூம்ல கொஞ்சம் தலையை சாய்ச்சேன். கண்ணு அசந்துடுச்சு.

டோரதி: தூங்கிட்டீங்களா?

மஹ்பூபி: அசந்துடுச்சுன்னா தூங்கிட்டேன்னுதான் அர்த்தம். கிளாஸ்ல பிள்ளைங்களை நிக்க வெச்சு கேக்கற மாதிரி கேக்கறே.

டோரதி: ஒரு மணி நேரம்க்கா. வாரத்துல ஒரே ஒரு மணி நேரம். "நீ ஆஸ்பத்திரி கூட்டத்துக்குப் போ டீச்சர், உன் புருஷனையும் என் தம்பியையும் சேத்து நான் பாத்துக்கறேன்"னு நீங்கதானே வாராவாரம் சொல்றீங்க? நானா கேட்டேன்?

மஹ்பூபி: நீ கேக்கல. நான்தான் சொன்னேன். தப்பு என்னுதுதான். வேணும்னா ரெண்டு அடி அடிச்சுக்கோ. மொதல்ல தேடலாம் வா.

டோரதி: புர்கா போட்டுகிட்டு, காலுல செருப்போட நிக்கறீங்க... எங்கயாச்சும் கெளம்பினீங்களா?

மஹ்பூபி: ...தேடறதுக்குத்தான். வேற எங்க போவேன்.

டோரதி: ஆபித்... தம்பி... இங்க பாரு. பக்கத்துல இருந்த அண்ணன் எந்தப் பக்கம் போனாரு? நீ பாத்தியா?

மஹ்பூபி: அவன்கிட்ட இன்னாத்துக்குக் கேக்கறே? செவுத்தைப் பாத்துகினு உக்காந்திருப்பான். அம்மா மவுத்தாகி கண்ணை மூடினதுலேருந்து வாயே தொறக்கல. உனக்குத் தெரியாதா?

டோரதி: தெரியும். இருந்தாலும்... ஒருவேளை...

மஹ்பூபி: ஒருவேளையும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீ உங்க ரூமைப் பாரு.

டோரதி: பாத்துட்டேன். கட்டிலுக்கு அடியில கூட பாத்துட்டேன். சில நாள் அங்க போய் படுத்துக்குவாரு. ஷூ கம்பெனி ஆளுங்க தேடி வந்திருக்காங்க, நான் இல்லன்னு சொல்லிடும்பாரு... அக்கா, உங்க ரூமையும் பாத்துடறேன்... கட்டிலுக்கு அடியில இன்னா அது?

மஹ்பூபி: எது?

டோரதி: ஏதோ தெரியுது... மூட்டையா?

மஹ்பூபி: சலவைக்குப் போடற துணி. உன் புருஷன் இன்னா மூட்டைக்குள்ளயா இருப்பாரு? வா வெளிய.

டோரதி: அக்கா...

மஹ்பூபி: இன்னா? இன்னா, ஏன் அப்படியே நின்னுட்டே?

டோரதி: கொடியில அவரோட வெள்ளைச் சட்டை இல்ல.

மஹ்பூபி: எந்த வெள்ளைச் சட்டை?

டோரதி: சர்ச்சுக்குப் போட்டுகிட்டுப் போற முழுக்கை சட்டை. இங்க வந்ததுலேருந்து அதை அவரு தொட்டதே இல்ல. வேணாம், வேணாம், அதுல கூட மருந்து தடவி வெச்சிருக்காங்கன்னுவாரு.

மஹ்பூபி: போட்டுகினாரு. நல்லதுதானே?

டோரதி: இன்னிக்கி ஞாயித்துக்கிழமை இல்லயேக்கா! எங்க மாமனாரைப் பெட்டில வெச்சப்ப இப்படித்தான்... வெள்ளைச் சட்டை போட்டு, கை பொத்தானெல்லாம் மாட்டி... அன்னிக்கி என் காதுகிட்ட வந்து சொன்னாரு, "டோரதி, எனக்கும் இதே மாதிரி போட்டுவிட்டுடு"ன்னு.

மஹ்பூபி: தூ! வாயைக் கழுவு. அப்படியெல்லாம் பேசுவாங்களா வெளக்கு வெக்கற நேரத்துல?

டோரதி: சீக்கிரம் தேடிப் பாருங்க.

மஹ்பூபி: என் கையைப் புடிச்சுக்கோ. ஆபித், எந்திரி. அக்கா கையைப் புடி... இவனையும் இட்டுகினுதான் போகணும், தனியா விட முடியாது. உடு... பேசாம ஆபீஸ்ல போய் சொல்லிடலாமா?

டோரதி: வேணாம்!

மஹ்பூபி: ஏன் வேணாம்?

டோரதி: வேணாம்னா வேணாம். ஆபீஸ்ல சொன்னா... எப்ப போனாரு, யாரு பாத்துகிட்டு இருந்தாங்க, நீ எங்க இருந்தேன்னு கேப்பாங்க.

மஹ்பூபி: நீ கூட்டத்துல இருந்தே. நான் தூங்கினேன். திட்டு எனக்குத்தான். உனக்கு இன்னா பயம்?

டோரதி: உங்களுக்கு ஒரு கெட்ட பேரு வேணாம்னு சொன்னேன்.

மஹ்பூபி: ...சரி. அப்ப நாமளே பாக்கலாம். எனக்கும் அவங்க இங்க ரூமுக்கு வந்து நோண்டறது புடிக்கல. ரோட்டுப் பக்கம் போவோமா?

டோரதி: ரோட்டுல இல்ல.

மஹ்பூபி: உனக்கு எப்படித் தெரியும்?

டோரதி: இல்ல... கேட்ல சாமுவேல் அண்ணா இருப்பாரே. விடமாட்டாரே.

மஹ்பூபி: சாமுவேலு வியாழக்கிழமை எங்க கேட்ல இருக்கான்? கூட்டத்துக்கு டீ எடுத்துகினு போவான். தோட்டத்துப் பக்கம் வா.

டோரதி: தோட்டத்துலதான் கிணறு இருக்குது.

மஹ்பூபி: இருந்தா இருக்கட்டும். தோட்டம்னா கிணறு இருக்காதா?

டோரதி: எனக்கு அங்க வர பயமா இருக்குக்கா.

மஹ்பூபி: அதுக்குத்தான் அங்க மொதல்ல போறோம். பாத்துட்டா பயம் உட்டுடும். நட.

டோரதி: காலையில என்னைக் கேட்டாரு. "நீ போய்டுவியா"ன்னு.

மஹ்பூபி: தினமும்தானே கேக்கறாரு? செவுருக்கு இந்தப் பக்கம் எனக்கே கேக்குது. கஞ்சி குடிக்கறப்ப ஒருவாட்டி, மாத்திரை போடறப்ப ஒருவாட்டி.

டோரதி: தினமும் இல்லன்னு சொல்லுவேன். இன்னிக்கி ஒண்ணும் சொல்லல.

மஹ்பூபி: ஏன்?

டோரதி: வாயில வரல. தலைக்கு எண்ணெய் வெச்சுகிட்டு இருந்தேன். அப்படியே வெச்சுகிட்டே இருந்தேன். அவரும் திரும்பிப் பாக்கல.

மஹ்பூபி: மனுஷிதானே நீயும். எத்தினி வாட்டி சொல்லுவே... பாத்து வா, பைப் ஓடுது, வழுக்கும். ஆபித், இந்தப் பக்கம்... டீச்சர், தொட்டிகிட்ட அது இன்னா?

டோரதி: எங்க?

மஹ்பூபி: கிணத்துப் பக்கத்துல, தண்ணித் தொட்டிக்குக் கீழ. ஜோடியா...

டோரதி: செருப்பு.

மஹ்பூபி: யாரோ தோட்டக்காரன் உட்டுட்டுப் போயிருப்பான்.

டோரதி: இல்லக்கா. இது அவரோடது.

மஹ்பூபி: நல்லா பாரு. எல்லா செருப்பும் ஒண்ணு போலத்தான் இருக்கும்.

டோரதி: இதை அவரே தச்சாரு. கட்டிங்ல விழுந்த மிச்சத் தோலு... வாரு ரெண்டும் ரெண்டு கலரு. ஆம்பூர்ல கடையில விக்கற செருப்புல இப்படி இருக்காது. ஆண்டவரே... ஆண்டவரே...

மஹ்பூபி: உக்காராதே. எந்திரி.

டோரதி: வெறுங்காலோட ஒரு அடி வெக்க மாட்டாருக்கா. ஷூ கம்பெனிக்காரரு. வீட்டுக்குள்ளயே செருப்போட நடக்கறாருன்னு சண்டை போடுவேன். சர்ச் வாசல்ல மட்டும்தான் கழட்டுவாரு. இங்க எதுக்குக் கழட்டினாரு? கிணத்தாண்ட எதுக்குக் கழட்டினாரு?

மஹ்பூபி: இரு... நான் எட்டிப் பாக்கறேன். நீ ஆபிதைப் புடிச்சுக்கோ.

டோரதி: பாக்காதீங்க.

மஹ்பூபி: பாத்துத்தானே ஆகணும்.

டோரதி: தெரியுதா?

மஹ்பூபி: இருட்டா கீது... இரு.

டோரதி: தண்ணி அசையுதா?

மஹ்பூபி: அசையுது. மோட்டார் ஓடி இப்பத்தான் நின்னிருக்கும். அதான்.

டோரதி: மேல ஏதாச்சும்... வெள்ளையா...

மஹ்பூபி: இல்ல. ஒண்ணும் இல்ல. தென்னங்கீத்து ஒண்ணு மெதக்குது.

டோரதி: கீத்துதானா? நல்லா பாத்தீங்களா?

மஹ்பூபி: அல்லா மேல ஆணையா கீத்துதான். சார்! சத்தியநாதன் சார்!

டோரதி: கிணத்துக்குள்ள கூப்பிடாதீங்கக்கா! உள்ளேருந்து திரும்பி வருது அந்த சத்தம்... அதைக் கேக்க முடியல.

மஹ்பூபி: சரி, சரி, கூப்பிடல. தள்ளி வா. இங்க மரத்தாண்ட நில்லு. மூச்சு விடு.

டோரதி: கீழ இருந்தா மேல தெரியாதில்ல? உடனே மெதக்காதில்ல?

மஹ்பூபி: டீச்சர்!

டோரதி: தெரியாதில்ல?

மஹ்பூபி: ...தெரியாது.

டோரதி: நான்தான்க்கா கொன்னுட்டேன்.

மஹ்பூபி: பைத்தியம் மாதிரி பேசாதே.

டோரதி: பைத்தியம்தான். எனக்கும் புடிச்சிடுச்சு. உங்ககிட்ட சொல்லல. கூட்டத்துலயும் சொல்லல. அவரு சோத்தை மோந்து பாப்பாரே, குரோம் கலந்திருக்கு, தோல் ஊற வெக்கற மருந்தைப் போட்டு என்னைக் கொல்லப் பாக்கறாங்கன்னு... நான் மொதல்ல ஒரு வாய் தின்னு காட்டினாத்தான் தொடுவாரு...

மஹ்பூபி: தெரியும். அதுக்கு இன்னா இப்ப?

டோரதி: நேத்து நானும் மோந்து பாத்தேன். யாரும் சொல்லாமயே தட்டைத் தூக்கி மோந்து பாத்தேன். எனக்கும் அடிச்சுது அந்த வாசனை.

மஹ்பூபி: நீ ஆக்கின சோத்துலயா?

டோரதி: நானே போட்ட அரிசி. நானே வடிச்ச சோறு. அப்பயும் அடிச்சுது. தின்னு காட்டறப்ப வயித்துக்குள்ள ஏதோ எரியற மாதிரி இருந்துச்சு. எதுனா சொல்லுங்க.

மஹ்பூபி: இன்னா சொல்றது... நானும் சில நாள் ஆபிதுக்குப் பக்கத்துல உக்காந்து அந்த செவுத்தைப் பாப்பேன். பொழுது போய்டும். எழுந்திருக்கவே தோணாது.

டோரதி: நிஜமாவா?

மஹ்பூபி: பொய் சொல்ற எடமா இது... ஏய் ஆபித், இன்னாடா? கையை ஏன் நீட்டறே?

டோரதி: என்கிட்டத்தான் நீட்டறான்.

மஹ்பூபி: ஆ... பிஸ்கட். வியாழக்கிழமைன்னு அவனுக்குத் தெரியுது பாரு. பேச்சு இல்லன்னாலும் இதெல்லாம் மறக்க மாட்டான். குடுத்துடு டீச்சர், அப்புறம் தேடலாம். இல்லன்னா நகர மாட்டான்.

டோரதி: பிஸ்கட்டா...

மஹ்பூபி: கூட்டத்துல டீயோட குடுப்பாங்களே. நீதான் தின்னாம கைக்குட்டையில கட்டிகினு வருவியே இவனுக்கு.

டோரதி: இன்னிக்கி... குடுக்கல.

மஹ்பூபி: குடுக்கலயா?

டோரதி: தீந்து போச்சுன்னாங்க.

மஹ்பூபி: டீயாச்சும் குடுத்தாங்களா?

டோரதி: டீ... ம்... குடுத்தாங்க.

மஹ்பூபி: ஆறிப்போன டீயா, சூடா?

டோரதி: இன்னாக்கா இது, மனுஷன் கிணத்துல கெடக்கறாரா இல்லயான்னே தெரியல, இப்ப போய் டீயைப் பத்தி...

மஹ்பூபி: உன் புடவைக் கரையெல்லாம் இன்னா செம்மண்ணு? ஹாலுக்குப் போற வழி பூரா சிமெண்டு ஆச்சே.

டோரதி: எங்கயோ ஒட்டிகிச்சு.

மஹ்பூபி: தோள்ல பெரிய பை வேற. கூட்டத்துக்குக் கையை வீசிகினு போறவ, இன்னிக்கி பையோட வர்றே. நீ வந்ததுமே பாத்தேன். கேக்க வேணாம்னு இருந்தேன். எங்க போனே டீச்சர்?

டோரதி: கேக்காதீங்க.

மஹ்பூபி: கூட்டத்துக்குப் போகல.

டோரதி: போகல.

மஹ்பூபி: அப்ப?

டோரதி: வேலிக்கு அந்தப் பக்கம் இறங்கி, பஸ் ஏறி ஊருக்குள்ள போனேன். ஸ்டாண்ட்ல ஆம்பூர் வண்டி நின்னுச்சு. உக்காந்துட்டேன்.

மஹ்பூபி: ஆம்பூர் வண்டி.

டோரதி: பிள்ளைங்க எங்க தங்கச்சி ரோஸ் வீட்டுலதானே இருக்குது. போய் அதுங்களைக் கட்டிப் புடிச்சுகிட்டு ஒரு ராத்திரி தூங்கினா போதும்னு... இல்ல. பொய். ஒரு ராத்திரி இல்ல. திரும்பி வரக் கூடாதுன்னுதான் போனேன்.

மஹ்பூபி: அவரை யாருகிட்ட உட்டுட்டு?

டோரதி: உங்ககிட்டத்தான். நீங்க இருக்கீங்க, தங்கமானவங்க, பாத்துக்குவீங்கன்னு...

மஹ்பூபி: என்னை அப்படி சொல்லாதே.

டோரதி: திட்டுங்க. காறித் துப்புங்க.

மஹ்பூபி: துப்பல. நீ சொல்லு. ஏறி உக்காந்ததும்... எப்படி இருந்துச்சு?

டோரதி: இன்னா கேள்வி இது?

மஹ்பூபி: சும்மாதான். தெரிஞ்சுக்கலாம்னு. தனியா வந்த பொம்பளைன்னு கண்டக்டர் எதுனா கேட்டானா?

டோரதி: ஒண்ணும் கேக்கல. யாருமே ஒண்ணும் கேக்கல. அதான் எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. ஒரு பொம்பளை இப்படி செஞ்சுட்டு வர்றா, யாரு முகத்துலயும் ஒண்ணும் தெரியல.

மஹ்பூபி: அப்புறம் ஏன் எறங்கினே?

டோரதி: பக்கத்துல ஒரு அம்மா குழந்தைக்குப் புளிசோறு பொட்டலத்தைப் பிரிச்சாங்க. நான் குனிஞ்சு மோந்து பாத்தேன்க்கா.

மஹ்பூபி: யா அல்லா.

டோரதி: அவங்க பொட்டலத்தை, அவங்க மடியில... மோந்து பாத்தேன். அந்தம்மா குழந்தையை இழுத்துகிட்டு தள்ளி உக்காந்துச்சு. என்னைப் பாத்துச்சு பாருங்க ஒரு பார்வை... அது நான் அவரைப் பாக்கற பார்வை. வண்டி கெளம்ப விசில் அடிச்சாங்க. இறங்கி ஓடி வந்துட்டேன்.

மஹ்பூபி: வந்துட்டியே. அது போதும்.

டோரதி: இன்னா போதும்? வந்தா ஆளு இல்ல! செருப்பு இருக்குது, ஆளு இல்ல! நான் போறதை அவரு பாத்திருப்பாரு. அதான் காலையில அப்படிக் கேட்டாரு. நான் பதில் சொல்லலன்னதும்...

மஹ்பூபி: அழாதே. இப்ப ஆபீஸ்ல சொல்லியே ஆகணும். ஆளை எறக்கிப் பாக்கச் சொல்லணும். அவங்க கேட்டா கேக்கட்டும். இன்னா கேட்டாலும் கேக்கட்டும். உன்னையும் கேக்கட்டும், என்னையும் கேக்கட்டும்.

டோரதி: யாரோ வராங்க.

மஹ்பூபி: சாமுவேலுதான். சாமுவேல் அண்ணா! ஓடியாங்க! இங்க!

சாமுவேல்: இன்னாம்மா, கிணத்தாண்ட இன்னா பண்றீங்க ரெண்டு பேரும்? இன்னா இது, டீச்சரம்மா மண்ணுல குந்திகினு...

மஹ்பூபி: சாரைக் காணோம். செருப்பு இங்க இருக்குது. உடனே யாரையாச்சும் கிணத்துல எறக்கணும். ஓடுங்க.

சாமுவேல்: எந்த சாரை?

மஹ்பூபி: இவங்க வீட்டுக்காரரைத்தான்! நிக்காதீங்க, ஓடுங்க!

சாமுவேல்: சத்தியநாதன் சாரா? அவரு கூட்டத்துல கீறாரும்மா.

டோரதி: இன்னா?

சாமுவேல்: ஹால்ல. இப்பத்தான் நான் டீ குடுத்துட்டு வர்றேன். காலி கெட்டிலு பாருங்க கையில.

டோரதி: நல்லா பாத்தீங்களா? அவரேதானா?

சாமுவேல்: அவரேதான். வெள்ளைச் சட்டை, கை பொத்தான் போட்டு, தலையைப் படிய வாரிகினு, எதோ கல்யாணத்துக்கு வந்தாப்ல கீறாரு. தொட்டில கால் கழுவறப்ப செருப்பை உட்டிருப்பாரு. வெறுங்காலோடதான் உக்காந்துகினு இருக்காரு.

டோரதி: ஆண்டவரே... ஸ்தோத்திரம்... ஸ்தோத்திரம்... அக்கா, என்னைப் புடிச்சுக்கங்க.

மஹ்பூபி: புடிச்சுகினுதான் இருக்கேன். அது நோயாளிங்க கூட இருக்கறவங்க கூட்டமாச்சே அண்ணா. நோயாளியை உள்ள விட மாட்டாங்களே?

சாமுவேல்: கூட்டம் நடத்தற இன்பம் சிஸ்டரும் அதான் சொன்னாங்க. வட்டமா நாற்காலி போட்டு எல்லாரும் உக்காந்தாச்சு, டீச்சரம்மா நாற்காலி மட்டும் காலியா கீது. இவரு வந்தாரு. வாசல்ல நின்னு கும்புட்டாரு. "என் வீட்டம்மாவால இன்னிக்கி வர முடியல, அவங்களுக்கு பதிலா நான் வந்திருக்கேன்"ன்னு சொல்லிட்டு அதுல உக்காந்துட்டாரு. சிஸ்டர் ஒரு நிமிஷம் யோசிச்சாங்க. சரி, இருங்கன்னுட்டாங்க.

டோரதி: பேசினாரா? அங்க போய்... எதுனா பேசினாரா?

சாமுவேல்: அங்க பேசறதை வெளிய சொல்லக் கூடாதும்மா. அது சட்டம்.

மஹ்பூபி: அண்ணா, இவ இப்ப செத்துப் பொழைச்சிருக்கா. சட்டம் பேசறீங்க நீங்க.

சாமுவேல்: ...முறை வந்துச்சு, பேசினாரு. "நான் சோத்தை மோந்து பாக்கறேன்னு எனக்கு முன்னாடி அவ தின்னு காட்டறா. தின்னு தின்னு அவளுக்கு சோறே புடிக்காம போச்சு. தூங்கறதில்ல. நான் முழிச்சுகிட்டு இருக்கறேனான்னு பாத்துகிட்டே படுத்திருக்கா. என்னைப் பாத்து அவளுக்கு பயம். அவளைப் பாத்து எனக்கு பாவமா இருக்கு"ன்னாரு.

டோரதி: அவரா? அவரா இப்படிப் பேசினாரு?

சாமுவேல்: நிறுத்தி நிறுத்தித்தான் பேசினாரு. நடுவுல டீயை மோந்து பாத்தாரு. கீழ வெச்சுட்டாரு. மறுபடி பேசினாரு.

டோரதி: வேற இன்னா சொன்னாரு? மறைக்காதீங்கண்ணா. உங்க முகத்துல தெரியுது.

சாமுவேல்: "அவ பையை எடுத்துகிட்டு வேலியோரமா போனதைப் பாத்தேன். கூப்பிடல. கூப்பிட்டா பாவம், திரும்பி வந்துடுவா"ன்னாரு.

மஹ்பூபி: டீச்சர். டீச்சர், இங்க பாரு.

டோரதி: எல்லாரு முன்னாடியுமா சொன்னாரு? எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சா?

சாமுவேல்: தெரிஞ்சுதான் போச்சு.

டோரதி: இனிமே எந்த முகத்தோட நான் அங்க போவேன்? புருஷனை உட்டுட்டு ஓடினவன்னு... இன்பம் சிஸ்டர், அந்த மேல்விஷாரம் பெரியவரு, எல்லாரும்... முடியாதுக்கா. இந்தக் கிணத்துலயே நான்...

மஹ்பூபி: அறைஞ்சுடுவேன்! அந்தப் பேச்சு பேசினே, நிஜமா அறைஞ்சுடுவேன்.

சாமுவேல்: பயப்படாதீங்கம்மா. யாரும் ஒண்ணும் தப்பா சொல்லல. நான் டம்ளர் வெச்சுகினு இருந்தேன். அப்புறம் அந்தப் பெரியவரு தொண்டையைக் கனைச்சுகினு சொன்னாரு, "நானும் ஒருநாள் என் பொஞ்சாதியை இங்க உட்டுட்டு ஆற்காடு வரைக்கும் போய்ட்டேன். ஒரு மக்கன் பேடாவை வாங்கித் தின்னுட்டுத் திரும்பினேன். இது நாள் வரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல"ன்னு.

டோரதி: அவரா? அஞ்சு வேளையும் தொழற மனுஷனாச்சே அவரு.

சாமுவேல்: அவருதான். சொல்லிட்டுத் தேம்பித் தேம்பி அழறாரு. அவரு சொன்னதும் ஒவ்வொருத்தரா... ஒரு அம்மா கதவை வெளிய பூட்டிட்டு நாள் பூரா ஏலகிரி மலைக்குப் போய்ட்டு வந்தாங்களாம். இன்னொருத்தரு ஆண்டவரே இவனை எடுத்துக்கோன்னு ஜெபம் பண்ணினாராம். அதுக்கு மேல நான் அங்க நிக்கல.

மஹ்பூபி: எல்லாருமா சொன்னாங்க?

சாமுவேல்: ஏறக்குறைய எல்லாரும்தான். இன்னும் முடியல. இன்னிக்கி நேரமாவும்னு சிஸ்டர் சொல்லிட்டாங்க. டீச்சரம்மா, போங்க. அவரு வாசலைப் பாத்துகினேதான் உக்காந்திருக்காரு.

டோரதி: நான் வந்தா... இன்னா சொல்லுவாரு?

சாமுவேல்: இன்னா சொல்லப் போறாரு. எழுந்து நாற்காலியைக் குடுப்பாரு.

டோரதி: அக்கா, நீங்களும் வாங்க. தனியா என்னால அந்த வாசல்ல ஏற முடியாது.

மஹ்பூபி: நான் எதுக்கு? ஆபித் இருக்கான்.

சாமுவேல்: தம்பியை நான் பாத்துக்கறேன். என்னாண்ட ரெண்டு பிஸ்கட் கீது. வாடா ராஜா.

டோரதி: பாருங்க, அவரு பாத்துக்குவாரு. வாங்கக்கா. நீங்க ஒரு வியாழக்கிழமை கூட வந்ததில்ல. உங்க முறையையும் எனக்கே குடுத்துடுவீங்க. பதிலுக்கு நான் பாத்துக்கறேன்னு சொன்னாலும் கேக்க மாட்டீங்க.

மஹ்பூபி: எனக்கு அங்க பேச ஒண்ணும் இல்ல டீச்சர்.

டோரதி: பேச வேணாம். பக்கத்துல உக்காருங்க போதும்.

மஹ்பூபி: அங்க உக்காந்தா கேப்பாங்க. கேட்டா வாயில வந்துடும்.

டோரதி: இன்னா வந்துடும்? உங்க அண்ணன் அமீர் பாஷா ஒரு வாட்டி கூட எட்டிப் பாக்கல, வீட்டாளு ஒருத்தர் கூட தங்கணும்னு ஆஸ்பத்திரில சொன்னதும் "நீதான் சும்மா இருக்கே"ன்னு உங்களைத் தள்ளிட்டாருன்னு சொல்லுவீங்க. சொல்லுங்களேன். உண்மைதானே? ஓடிப்போன நானே போறேன். நாள் பூரா தம்பிக்கு சோறு ஊட்டி, வாய் தொடைச்சு... நீங்க எதுக்குப் பயப்படணும்?

மஹ்பூபி: தூங்கிட்டேன்னு சொன்னேனே... நான் தூங்கல.

டோரதி: பின்ன? அவரு போனதைப் பாத்தீங்களா?

மஹ்பூபி: பாக்கல. ரூம்ல கதவைச் சாத்திகினு குனிஞ்சு முடிச்சுப் போட்டுகினு இருந்தேன். கட்டிலுக்கு அடியில இருந்தது சலவைத் துணி இல்ல, இங்கேருந்து போறதுக்கு நான் கட்டற மூட்டை. நீ கூட்டத்துக்குப் போற அந்த ஒரு மணி நேரம்தான் எனக்குத் தனியா கிடைக்குது, வாராவாரம் கட்டுவேன். நீ பிஸ்கட்டோட சிரிச்சுகினு வர்றதைப் பாத்ததும் உள்ள போய் அவுத்துடுவேன். இன்னிக்கி அவுக்கறதில்லன்னு முடிவு பண்ணி, புர்காவைப் போட்டுகினு, நீ எப்ப வருவேன்னு வாசல்லயே நின்னேன். கடைத்தெருவுக்குப் போய்ட்டு வர்றேன்னு சொல்லிட்டு அப்படியே போய்டலாம்னு... ஆபிதுக்கு இன்னா, டீச்சர் இருக்குது, தங்கமானது, பாத்துக்கும்னு.